ஈரம்மாவும் மேட்டுத் தெரு வீடும்

அவருக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் கொத்தனார்கள். கடன் கேட்கிறவர்கள் வீட்டுச் சுவரில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். "ஈரம்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். அந்த ஒரு வார்த்தையால் எத்தனையோ குடும்பங்களின் வீட்டு ஆசை பாதியில் நின்றுபோயிருக்கிறது. முதலில் வெறும் "ஈரம்" என்றுதான் அழைத்தார்கள். வயது கூடியபோது மரியாதைக்கு ஓர் அம்மாவும் சேர்ந்து "ஈரம்மா" ஆகிவிட்டது. கடன் கிடைக்காதவர்கள் இதற்கு மேலும் ஒன்று சொல்வார்கள்: ஊரில் இருக்கிற சுவரிலெல்லாம் ஈரம் இருக்கிறது, அந்தம்மா நெஞ்சில் மட்டும்தான் இல்லை என்று. அது அவர் காதுக்கும் போயிற்று. நெஞ்சில் இருக்கிற ஈரத்தால் எந்த வீடும் இடிந்ததில்லை என்று என்னிடம் சொல்லிவிட்டு, டார்ச் விளக்குக்கு பேட்டரி மாற்றப் போய்விட்டார்.

நான் அந்த வீட்டு நிதிச் சங்கத்தில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன். எனக்குப் பின்னால் ஒரு மரத் தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய மேஜை. மேஜை மேல் சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற தூக்குக்குண்டு, ஒரு சின்னச் சுத்தியல், தண்ணீர் மட்டம் பார்க்கிற நீளமான டியூப். வேலை நாளில் பாதி நேரம் அவர் வெளியேதான் இருப்பார். மீதி நேரத்தில் யாராவது அவரைத் தேடி வந்துகொண்டே இருப்பார்கள். சுவரிலிருந்து உதிர்ந்த காரையைக் காகிதத்தில் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்து, ஆஸ்பத்திரியில் காட்டுவதுபோல் பிரித்துக் காட்டுவார்கள். அவர் விரலால் நுணுக்கிப் பார்த்து, மொட்டை மாடியில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்பார். என்ன செய்யவேண்டும் என்று பொறுமையாகச் சொல்வார். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். போய் ஒன்றும் செய்யமாட்டார்கள். கடையில் ஒரு டப்பா பெயின்ட் வாங்கி அந்த இடத்தில் அடித்துவிடுவார்கள்.

இதுதான் அவருக்கு ஆகாது. எரிச்சல் என்றால் சாதாரண எரிச்சல் இல்லை. ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் முதலில் காலண்டர் எங்கே மாட்டியிருக்கிறது என்று தேடுவார். அதைத் தூக்கிப் பார்த்தால் பின்னால் வெடிப்பு இருக்கும். பீரோ சுவரோடு ஒட்டி நின்றால் நகர்த்தச் சொல்வார். வீட்டுக்காரர்கள் பீரோ ரொம்பக் கனம் என்பார்கள், சாவி ஊருக்குப் போயிருக்கிறது என்பார்கள். ஒருமுறை ஓர் அம்மாள், பீரோவை நகர்த்தினால் வீட்டுக்கு ஆகாது என்று ஜோசியர் சொல்லியிருப்பதாகச் சொன்னாராம். நகர்த்தாவிட்டால் கடனுக்கு ஆகாது என்று இவர் சொல்லியிருக்கிறார்.

சங்கம் எப்படி வந்தது என்று சொன்னால்தான் அவருடைய வேலை ஏன் அப்படி இருந்தது என்று புரியும்.

எங்கள் ஊரில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை இருந்தது. தொழிலாளிகளுக்குக் கம்பெனியே வரிசை வீடுகள் கொடுத்திருந்தது. வேலை போனால் வீடும் போகும். ஒரு வேலைநிறுத்தத்தின்போது கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள். மழை நேரம், பாத்திரம் பண்டத்தோடு குடும்பங்கள் ரோட்டில் உட்கார்ந்திருந்தன. அந்த வருஷம்தான் உலையடியில் வேலை செய்தவர்கள் சிலரும், பாட்டில்களைப் பெட்டியில் அடுக்குகிற பெண்கள் சிலரும், தொழிற்சாலை மருந்தகத்து நர்ஸும் ஒன்று கூடி, சம்பளத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நிலம் வாங்குவது என்று முடிவு செய்தார்கள். ஒரு வீட்டுக்குப் போதுமான பணம் சேர்ந்ததும் ஒரு வீடு எழும்பும். யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். வீடு கிடைத்தவரும் கடைசி ஆளுக்குக் கிடைக்கிற வரைக்கும் கட்டிக்கொண்டே இருக்கவேண்டும். கடைசி ஆள் குடிபோனதும் சங்கத்தைக் கலைத்துவிடுவது என்பதுதான் ஏற்பாடு.

கடைசி ஆள் ஒரு லாரி லோடுமேன். சங்கத்தைக் கலைப்பதற்காகக் கூடிய கூட்டத்தில் அவர் எழுந்து, எனக்கு வீடு கிடைத்துவிட்டது, என் மச்சான் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறான், அவனையும் சேர்த்துக்கொண்டு அப்புறம் கலைத்தால் என்ன என்று கேட்டார். பார்த்தால் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரு மச்சான் இருந்தான். சங்கம் கலையவே இல்லை. அதற்கு முதலாளி என்று யாரும் கிடையாது. பணம் போடுகிறவரும் கடன் வாங்குகிறவரும்தான் சொந்தக்காரர்கள், ஆளுக்கு ஒரு ஓட்டு. ஒருவர் போட்ட சேமிப்புதான் இன்னொருவருக்கு வீடாகப் போகும்.

அலுவலகத்துக்கு மேலே ஒரு கூடம் கட்டினார்கள். உறுப்பினர்களே விடுமுறை நாட்களில் கல் சுமந்து கட்டியது. அங்கே தையல் வகுப்பு நடந்தது, முதலுதவி வகுப்பு நடந்தது. ஒற்றை அறை வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைகள் பரீட்சைக்கு அங்கே வந்து படித்தார்கள். பிறகு தொழிற்சாலையில் உலை அணைந்து, இரண்டு வருஷம் ஊரே சம்பளம் இல்லாமல் கிடந்தபோது, வட்டியை மட்டும் கட்டுங்கள், அதுவும் முடியாவிட்டால் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று சங்கம் சொன்னது. ஒருவருடைய வீட்டையும் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் சங்கம் என்றால் ஒரு மரியாதை இருந்தது அதனால்தான்.

ஆனால் ஒரு தடவை சங்கம் மூழ்கப் பார்த்தது. தொழிற்சாலைக்குப் பின்னால் பெரிய பள்ளம். உடைந்த கண்ணாடியும் உலைச் சாம்பலும் கசடும் வருஷக்கணக்காகக் கொட்டிய இடம். அதன்மேல் மண்ணைப் பரப்பி விற்றார்கள். விலை மலிவு என்று அன்றைய கமிட்டி வாங்கி ஒரு தெரு நிறைய வீடு கட்டியது. தூர்த்த பள்ளத்துக்கு மேட்டுத் தெரு என்று பெயர் வைத்த புத்திசாலி யார் என்று தெரியவில்லை. மூன்றாவது மழைக்காலத்தில் வீடுகளின் பின்பக்கம் இறங்க ஆரம்பித்தது. முன்பக்கம் ரோட்டோரம் கெட்டித் தரை, அது அப்படியே நின்றது. பின்பக்கம் சாம்பலில் நின்றதால் உட்கார்ந்துவிட்டது. வீடுகள் நடுவில் கிழிந்தன. யாரும் குடியிருக்க முடியாத அந்த வீடுகளுக்காக உறுப்பினர்கள் எல்லோரும் பல வருஷம் பணம் கட்டினார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு விதி வந்தது. சங்கத்தின் ஆள் போய்ப் பார்க்காத வீட்டுக்குக் கடன் இல்லை, மேட்டுத் தெருவுக்கு எப்போதும் இல்லை.

அப்படிப் போய்ப் பார்க்கிற ஆளாகத்தான் ஈரம்மா வந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வேன் ஓட்டி, பிறகு பஸ் டிரைவராகி, தங்கச்சியைக் கட்டடப் படிப்பு படிக்கவைத்தார். அந்தப் படிப்பை முடித்துவிட்டு ஒரு பெண் ஏணியில் ஏறிக் கூரையைப் பார்ப்பதை எங்கள் ஊர் அதுவரை கண்டதில்லை. முதல் வருஷத்தில் கொத்தனார்கள் ஏணியைப் பிடிக்கக்கூட மாட்டார்களாம். பிடிக்காவிட்டால் பரவாயில்லை, ஆட்டாமல் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு இவரே ஏறியிருக்கிறார்.

அண்ணன் குடும்பம் வாடகை வீடுகளில்தான் காலம் தள்ளியது. அண்ணி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து வேலை செய்தார். மெஷின் சத்தம் தொந்தரவு என்று ஒரு வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார், பிள்ளைகள் ஓடுவது தொந்தரவு என்று இன்னொருவர் சொன்னார். கடைசியாக இருந்த வீட்டில், வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியில் கோடு போட்டு வைத்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தினமும் பார்த்தாராம். சொந்த வீடு வேண்டும் என்பதில் அண்ணி உறுதியாக இருந்தார். தங்கச்சி சங்கத்திலேயே இருக்கும்போது என்ன தடை என்று அண்ணனும் நினைத்தார்.

அவர்கள் பார்த்து வைத்தது மேட்டுத் தெரு முனையில் இருந்த ஒரு வீடு. அது சங்கம் கட்டிய பழைய வரிசைக்கு வெளியே, பின்னால் தனியார் கட்டியது. தெருவின் பெயரே அந்த வீட்டுப் பத்திரத்தில் வரவில்லை, பக்கத்து ரோட்டின் பெயர்தான் இருந்தது. சொந்த அண்ணன் விஷயம் என்பதால் செயலாளர் ஈரம்மாவை அனுப்பவில்லை, பக்கத்து ஊர்ச் சங்கத்தின் ஆளை வரவழைத்தார். அவர் கோடைக்காலத்தில் வந்து பார்த்து, சுவர் காய்ந்திருக்கிறது, கொடுக்கலாம் என்று எழுதிவிட்டுப் போனார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அண்ணன் ஆசை ஆசையாகத் தங்கச்சியைக் கூட்டிப்போய் வீட்டைக் காட்டினார்.

ஈரம்மா உள்ளே நுழைந்ததும் பின்கதவைப் பார்த்தார். கதவின் மேல் விளிம்பை யாரோ புதிதாகச் சீவியிருந்தார்கள், அதுவும் சாய்வாக. நிலை கோணியிருந்தால் மட்டும்தான் கதவை அப்படிச் சீவவேண்டி வரும். வெளியே போய்ப் பின் சுவரைப் பார்த்தார். புதுப் பூச்சு. பூச்சுக்கு அடியில் படிப்படியாக ஏறிப்போகிற விரிசல் லேசாகத் தெரிந்தது. அண்ணி அப்போது உள்ளே, மெஷினை எந்த ஜன்னல் ஓரம் போடலாம் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அண்ணன் சிரித்தார். எந்த வீட்டைப் பார்த்தாலும் உனக்கு இதே பேச்சுதான் என்றார். மறுநாள் பஸ் டிப்போவுக்கே போய், வாங்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார் இவர். அங்கே பேச்சு முற்றிவிட்டது. டிப்போவில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க இரண்டு பேரும் போட்ட சண்டையைப் பின்னால் ஒரு கண்டக்டர் எனக்குச் சொன்னார்.

"அண்ணா, அந்த வீட்டோட பின் பாதி சாம்பல் மேல நிக்குது. பின் சுவருக்கு அடியில துண்டு துண்டாத் தோண்டி, கெட்டி மண்ணு வர்ற வரைக்கும் போயி காங்கிரீட் போட்டாத்தான் அது நிக்கும். இல்லன்னா இறங்கும்."

"பாத்தவரு சரின்னு எழுதிட்டாரு. நீ பேசாம இரு, அது போதும்."

"எப்படிப் பேசாம இருக்கறது? அது உறுப்பினருங்க பணம்ணா."

"நானும் உறுப்பினர்தான். உன் படிப்புக்குப் பணம் கட்டினப்போ நான் எந்தச் சுவரையும் தட்டிப் பாக்கல."

ஈரம்மா அங்கிருந்து நேராகச் செயலாளர் அறைக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். வெளியே வந்தபோது அவர் முகத்தை நான் பார்த்தேன், ஏதாவது கேட்கலாம் என்று எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அண்ணனுக்குக் கடன் இல்லை என்று ஆயிற்று.

அண்ணன் வெளியே கூடுதல் வட்டிக்குக் கடன் வாங்கி அதே வீட்டை வாங்கினார். குடிபோன அன்று இவரைக் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு பேச்சு கிடையாது, போக்குவரத்து கிடையாது. இவர் ஏறுகிற பஸ்ஸை அண்ணன் ஓட்டிக்கொண்டு வந்தால், இவர் ஏறமாட்டார், அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். அண்ணியோ கடைத்தெருவில் கேட்கிறவர்களிடமெல்லாம், "வேத்தாளு பாத்து சரின்னு சொன்ன வீடு. கூடப் பொறந்தவ போயிக் கெடுத்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

இனிமேல்தான் கஷ்டமே. அந்த வீடு நின்றது.

ஒரு மழைக்காலம் போயிற்று, இரண்டு போயிற்று, வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஈரம்மா குடையைப் பிடித்துக்கொண்டு பின்சந்து வழியாகப் போய்ப் பார்ப்பார். சுவரில் புதிதாக ஒரு கீறல் கூட இருக்காது. திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்து, கணக்குப் போட்டதைத் திரும்பத் திரும்பப் போடுகிற மாதிரி காகிதத்தில் ஏதோ வரைந்துகொண்டிருப்பார். கொத்தனார்கள் அவரைப் பார்த்தால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அதே சமயம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் அவரே நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்த ஒரு வீட்டில், உத்தரத்தைக் கறையான் தின்று மழைநாளில் தாழ்வாரம் இறங்கிவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் ஊர் பேசியது. அண்ணன் வீட்டைக் கெடுத்தார், இடிகிற வீட்டுக்குக் கடன் கொடுத்தார் என்று என் கவுண்டரில் நின்றே பேசினார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவருக்கு எல்லாம் கேட்கும்.

அந்த வீடு விழவேண்டும் என்றா நினைக்கிறீர்கள் என்று நான் ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அவர் வரைந்துகொண்டிருந்த காகிதத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "விழணும்னு இல்ல. ஏன் நிக்குதுன்னு தெரியணும். தெரியலன்னா, இத்தன வருஷமா நான் யார் யாருக்கு இல்லன்னு சொன்னேனோ, அத்தன பேருக்கும் தப்பாச் சொல்லியிருக்கலாம்ல?"



காலம் இப்படிப் போய்க்கொண்டிருக்க, சுற்று வட்டாரத்துச் சங்கங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வட்டாரச் சங்கம் ஆயின. எங்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை. சின்னச் சங்கமாகத் தனியாக நிற்க முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம். தலைமை அலுவலகம் பெரிய ஊருக்குப் போயிற்று. எங்கள் கவுண்டருக்குக் கண்ணாடிக் கதவு வந்தது. மேலே இருந்த கூடத்துக்குப் பயிற்சி மையம் என்று பலகை மாட்டிப் பூட்டிவிட்டார்கள். யாரும் எதற்கும் பயிற்சி எடுத்து நான் பார்க்கவில்லை. சாவி கேட்டு வந்த தையல் வகுப்புக்காரர்களிடம், தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள் என்று சொல்லவேண்டிய வேலை எனக்கு. அவர்களும் எழுதினார்கள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

ஈரம்மாவுக்கு ஒரு மீட்டர் கொடுத்தார்கள். சுவரில் வைத்தால் எண் காட்டும். அதை அவர் குறை சொல்லவில்லை, நன்றாகத்தான் வேலை செய்கிறது என்றார். ஆனால் பாதி வீடுகளை இப்போது வெளியாட்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். காரை விட்டே இறங்காமல் இரண்டு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது. பழைய சங்கங்கள் வைத்திருந்த தெருத் தடைகள் எல்லாம் நீக்கப்படுகின்றன. மேட்டுத் தெருவுக்கும் கடன் உண்டு.

அவர் தலைமை அலுவலகத்துக்குப் போனார், காக்கவைத்து அனுப்பினார்கள். திரும்பவும் போனார், அதிகாரி விடுமுறையில் இருக்கிறார் என்றார்கள். கடைசியில் வருடாந்தரக் கூட்டத்தில், ஊழியராக இல்லாமல் உறுப்பினராகக் கை தூக்கி எழுந்தார். அந்தத் தெருவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொன்னார். தலைவர் புதியவர், மரியாதையான மனிதர், முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, அந்தத் தெரு முனையில் ஒரு வீடு பத்து வருஷத்துக்கு மேலாக ஒரு கீறல் இல்லாமல் நிற்கிறதாமே, நம் ஊழியரின் அண்ணன் வீடுதானாமே என்று சிரித்தபடி கேட்டார். கூட்டம் சிரித்தது. ஈரம்மா உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அந்த வருஷத்திலேயே மேட்டுத் தெருவில் பலர் கடன் வாங்கினார்கள். சிலர் கட்டவும் ஆரம்பித்தார்கள்.

அப்புறம் ஒருநாள் அண்ணி என் கவுண்டர் முன்னால் வந்து நின்றார். தலை நரைத்திருந்தது, எனக்கு அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மகனுக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, மேலே இரண்டு அறை எடுக்கவேண்டும், கொத்தனார் மட்டும் ஈரம்மா பார்த்துச் சொல்லாமல் மேலே ஒரு கல்லும் வைக்கமாட்டேன் என்கிறார் என்று என்னிடம் சொன்னார். மரத் தடுப்பின் பக்கம் திரும்பவே இல்லை.

"வந்து பாக்கச் சொல்லுங்க. வேற யாரயும் அனுப்ப வேண்டாம்" என்றார் என்னிடம்.

ஈரம்மா தடுப்புக்குப் பின்னாலிருந்து, "நாளைக்குக் காலையில வர்றேன் அண்ணி" என்றார். அண்ணி எனக்கு மட்டும் தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் என்னையும் கூட வரச் சொன்னார். தனியாகப் போகத் தயக்கம், ஆனால் டியூபின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று காரணம் சொன்னார். அண்ணன் வாசலில் நின்றிருந்தார். வா என்று சொல்லவில்லை, வழியை விட்டு மட்டும் ஒதுங்கினார். ஈரம்மா பின்பக்க அறைக்குப் போனார். கதவு நிலையை மாற்றியிருந்தார்கள், அதில் தூக்குக்குண்டைப் பிடித்தார். நேராக இருந்தது. டியூபை வைத்து இரண்டு பக்கமும் மட்டம் பார்த்தோம். சரியாக இருந்தது. பிறகு அவர் தரையைப் பார்த்தார். பின் சுவரோடு ஒட்டி, அறையின் நீளத்துக்கும், ஒரு பட்டை மாதிரி தரையின் நிறம் வேறாக இருந்தது. தோண்டி மூடிய இடம். மண்டியிட்டு உட்கார்ந்து அந்த விளிம்பைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். அந்தக் கோடியில் போய் நிமிர்ந்து, "யார் செஞ்சா இத?" என்று கேட்டார்.

அண்ணன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணிதான் சொன்னார்.

"நீ சொன்னதத்தான் செஞ்சோம். டிப்போவுல நின்னு கத்தினியே, துண்டு துண்டாத் தோண்டணும், காங்கிரீட் போடணும்னு. வாங்கின கையோட அதத்தான் செஞ்சாரு. ரெண்டு கொத்தனாரோட இவரும் லீவு போட்டுட்டுக் குழிக்குள்ள இறங்கி நின்னாரு. இருந்த ரெண்டு வளையலும் அதுக்குத்தான் போச்சு."

ஈரம்மா எழுந்திருக்கவில்லை. சந்தோஷப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் சொன்னது சரி என்று பத்து வருஷத்துக்கு அப்புறம் தரையே சொல்லிவிட்டதே. ஆனால் அவர் முகம் சிவந்துபோயிருந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லண்ணா. மழை பேஞ்சப்பெல்லாம் நான் பின்சந்துல நின்னு இந்தச் சுவரப் பாத்தேன்."

"தெரியும்" என்றார் அண்ணன். "மொட்ட மாடியில இருந்து பாத்திருக்கேன்."

அதைக் கேட்டதும் அவர் சுத்தியலைத் தரையில் போட்டுவிட்டார். தெரிந்துமா பேசாமல் இருந்தாய் என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. உன் வீட்டைக் காட்டித்தான் கூட்டத்தில் என்னைக் கேலி செய்தார்கள், உன் வீட்டை நம்பித்தான் இந்தத் தெருவில் இத்தனை பேர் சாம்பல் மேல் சுவர் வைக்கிறார்கள், என்னைப் பார்த்துச் சிரித்த கொத்தனார்களில் இரண்டு பேர் இந்தக் குழியைத் தோண்டியவர்கள்தானா என்றெல்லாம் கேட்டார். நான் அவ்வளவு வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டதில்லை. அண்ணன் முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"நீ வாங்காதன்னு சொன்ன. உன் சங்கம் குடுக்க மாட்டேன்னு சொல்லுச்சு. இப்படிச் சரி பண்ணு, அதுக்கும் சேத்துத் தர்றோம்னு யாராவது சொன்னீங்களா? சொல்லியிருந்தா நான் ஏன் வெளிய போயி வட்டி கட்டப் போறேன், இவ ஏன் வளையல விக்கப் போறா? சரி பண்ண வழி உனக்குத் தெரியும். ஆனா அத நீ டிப்போவுல சொன்ன, கமிட்டியில சொல்லல."

ஈரம்மா கீழே கிடந்த சுத்தியலை எடுத்துக்கொண்டு எழுந்தார். வீடு திரும்பும்போது, ரொம்ப தூரம் நடந்த பிறகு, சங்கத்தில் அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது என்றார். கொஞ்சம் கழித்து, கேட்டிருக்கலாம்தான் என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு அண்ணனை அடுத்த வருடாந்தரக் கூட்டத்துக்கு வரவைக்க அவர் பட்ட பாடு தனி. அத்தனை பேர் முன்னால் நின்று என் தங்கச்சி சொன்னதுதான் சரி என்று சொல்லவேண்டுமா என்று அண்ணன் பிகு செய்துகொண்டார். அண்ணி திட்டித்தான் அனுப்பிவைத்தார். யூனிஃபார்மோடு டூட்டியிலிருந்து நேராக வந்தார். தன் வீட்டைப் பற்றித் தலைவர் சொன்ன வார்த்தையைத் தலைவரிடமே திருப்பிச் சொல்லி, அந்த வீடு ஏன் நிற்கிறது என்று விளக்கினார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"இல்லன்னு சொல்றதுக்கு ஒரு ஆள வச்சிருந்தீங்க, சரி. இப்ப எல்லாத்துக்கும் உண்டுன்னு சொல்றதுக்கு ஆள் வச்சிருக்கீங்க. எப்படி நிக்கவைக்கறதுன்னு சொல்றதுக்கு யார வச்சிருக்கீங்க?"

இந்தத் தடவை கூட்டம் சிரிக்கவில்லை. ஆனால் உடனே ஒன்றும் நடந்துவிடவும் இல்லை. துணைக்குழு போட்டார்கள். துணைக்குழு கூடி இன்னொரு துணைக்குழு போட்டது. ஈரம்மா ஒவ்வொன்றுக்கும் போய் உட்கார்ந்து, அதே விஷயத்தை அதே வார்த்தைகளில் சொல்லிவிட்டு வருவார். டீ மட்டும் நன்றாக இருக்கிறது என்பார். அவர் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆன பிறகுதான் ஏற்பாடு வந்தது. மேட்டுத் தெரு மாதிரி இடங்களில் முதலில் குழி தோண்டிப் பார்க்கவேண்டும். அஸ்திவாரத்தைச் சரி செய்யவும் சேர்த்துக் கடன் கொடுப்பார்கள். அந்த வேலை முடிந்த பிறகுதான் மீதிப் பணம். நல்ல ஏற்பாடுதான். அதற்குள் கட்டி முடித்துவிட்ட வீடுகளில் இரண்டு, பின்பக்கம் இறங்கிவிட்டன. அந்தக் குடும்பங்களுக்கு யார் பதில் சொல்வது என்பது இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. அவர்கள் ஈரம்மாவைத்தான் தேடி வருகிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்துச் சொல்கிறார். கூடத்தின் பூட்டை மட்டும் இதுவரை யாராலும் திறக்கவைக்க முடியவில்லை.

அண்ணன் வீட்டு மாடி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதற்கும் அவர் இல்லை என்றுதான் சொன்னார். பின் சுவருக்கு அடியில் செய்திருக்கிறீர்கள், நடுச்சுவருக்கு அடியில் செய்யவில்லை, மேல் பாரத்தை அது தாங்காது, முதலில் அதையும் தோண்டிச் சரி செய்யுங்கள் என்றார். கல்யாணத்துக்கு நாள் வைத்தாயிற்று, இப்போது போய் நடு வீட்டைத் தோண்டச் சொல்கிறாளே என்று அண்ணிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. மகன் கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவில் வாடகைக்குப் போனான்.

இப்போது ஈரம்மா வாராவாரம் அங்கே போகிறார். அண்ணனும் அவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை, பேப்பரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் படிக்கிறார்கள். அண்ணிதான் தைத்துக்கொண்டே மாடிப் பேச்சை எடுப்பார். போன வாரம் நான் போயிருந்தபோதும் எடுத்தார். ஒரே ஒரு அறை, மேலே ஷீட் போட்டால் போதும், அதற்குமா உன் நடுச்சுவர் தாங்காது என்று கேட்டார். தாங்காது அண்ணி என்றார் ஈரம்மா, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். அண்ணி மெஷினை நிறுத்திவிட்டு, இவளை எதற்குத்தான் உள்ளே விட்டோமோ என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அண்ணன் எழுந்து டீ போடப் போனார்.